எண்ணிப் பார்த்து வாங்குங்கள்: தெரு ஓவியர்களின் லிமிடெட் எடிஷன் பிரிண்ட் சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் காசு கொடுத்து வாங்கிய முதல் பிரிண்ட், 450 பிரதிகளில் ஒன்று. எத்தனையாவது பிரதி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அமெரிக்கத் தெரு ஓவியர் ஷெபர்ட் ஃபேரி, ஒபே என்ற தன் முத்திரைப் பெயரில் போட்ட பிரிண்ட் அது. 18க்கு 24 அங்குலம், கிரீம் நிறத் தாள், சிவப்பும் கறுப்புமாக இரண்டே மை. அமெரிக்காவிலிருந்து குழாயில் சுருட்டி வந்தது. பிரித்துப் பார்த்த சந்தோஷத்தில் அன்று மாலையே சாமிப் படங்களுக்கு பிரேம் போடும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால் கண்ணாடிக்குள் பளபளவென்று இருக்கிறது. கீழ் ஓரத்தை மட்டும் காணோம்.

"அடியில யாரோ பென்சில்ல கிறுக்கி வெச்சிருந்தாங்க சார். ரெடிமேட் சைஸுக்கும் பெருசா இருந்துச்சு. அதான் நீட்டா வெட்டி எடுத்துட்டேன்" என்றார் கடைக்காரர்.

அந்தக் கிறுக்கல்தான் ஃபேரியின் கையெழுத்தும் பிரதி எண்ணும்.

அவர் மேல் தப்பில்லை. நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கே அப்போது பாதிதான் தெரியும். அதற்குப் பிறகும் சில இடங்களில் ஏமாந்திருக்கிறேன், சில இடங்களில் அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்துகொண்டு லண்டன், பாரிஸ், லாஸ் ஏஞ்சலஸ் தெரு ஓவியர்களின் பிரிண்டுகளைச் சேர்க்க நினைப்பவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், ஏன் பிரிண்ட்?

தெருவில் வரைந்தது அந்தத் தெருவோடு சேர்ந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவர நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை. 2013-ல் வடக்கு லண்டனின் வுட் கிரீனில் ஒரு கடைச் சுவரில், தான் யாரென்று காட்டிக்கொள்ளாத பிரிட்டிஷ் தெரு ஓவியர் பாங்க்ஸி வரைந்திருந்த ஓவியத்தைச் சுவரோடு பெயர்த்து, மயாமியில் ஏலத்துக்கு வைத்தார்கள். ஊர்க்காரர்கள் போட்ட சண்டையில் அந்த ஏலம் கடைசி நேரத்தில் நின்றது. இன்னொரு பக்கம் கேன்வாஸ் இருக்கிறது. பெயர் வாங்கிய ஓவியரின் கேன்வாஸ் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். நடுவில் இருப்பது பிரிண்ட்.

அது இவர்களுக்குப் பக்கத்து வீட்டுத் தொழில் மாதிரி. பாரிஸில் 1981 முதல் எலிகளை ஸ்டென்சில் வைத்து அடித்த பிளெக் லெ ரா, 1989-ல் கல்லூரி மாணவனாக மல்யுத்த வீரர் ஆந்த்ரேயின் முகத்தை ஸ்டிக்கராக்கி ஒட்டிய ஃபேரி, எல்லோருமே ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவதிலிருந்து வந்தவர்கள். ஸ்டென்சிலில் ஓட்டை வழியாகப் பெயிண்ட் போகிறது, ஸ்க்ரீன் பிரிண்டில் துணி வழியாக மை போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் இவர்களுடைய பிரிண்டை ஓவியத்தின் ஜெராக்ஸ் என்று நினைக்க வேண்டாம்.

படி 1: கையில் இருப்பது எந்த வகை அச்சு என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. வீட்டில் பழைய மஞ்சப்பை ஒன்று இருந்தால் எடுங்கள். 'இல்லத் திருமண விழா' என்று அச்சடித்திருக்கும் எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். மை துணியின் மேல் ஒரு படலமாக உட்கார்ந்திருக்கும். அது ஸ்க்ரீன் பிரிண்ட். இப்போது சுவரில் தொங்கும் சிவகாசி மாதக் காலண்டரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முருகன் முகம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நாலு நிறப் புள்ளிகள் வட்ட வட்டமாகப் பூப்போல அடுக்கியிருக்கும். அது ஆஃப்செட்.

இந்த இரண்டையும் கண்ணால் பிரிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்தான். லென்ஸில் பார்க்கும்போது ஸ்க்ரீன் பிரிண்டில் ஒவ்வொரு நிறமும் கெட்டியாக, முழுதாக இருக்கும். ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறும் இடத்தில் மெல்லிய மேடு தெரியும். ஃபேரி போன்றவர்கள் புகைப்படத்திலிருந்து எடுத்த புள்ளிகளையும் ஸ்க்ரீனில் போடுவார்கள், அதைப் பார்த்துக் குழம்பிவிட வேண்டாம். அங்கே புள்ளி ஒரே மையில் கெட்டியாக இருக்கும், நாலு நிறக் கலவை இருக்காது.

மூன்றாவது வகை ஜிக்லே. பெயர் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, விஷயம் உயர்தர இங்க்ஜெட் பிரிண்டர்தான். லென்ஸில் பார்த்தால் மை தூவியது போல ஒழுங்கில்லாத நுண்புள்ளிகள். நல்ல தாளில், நல்ல மையில் போட்டால் நன்றாகவே இருக்கும், நாளும் தாங்கும். ஆனால் ஸ்க்ரீன் பிரிண்ட் விலை சொன்னால் கொடுக்காதீர்கள்.

நான்காவது லித்தோகிராஃப். கல்லிலோ தகட்டிலோ கொழுப்பு மையால் வரைந்து எடுப்பது. உலகமெங்கும் சுவர்களில் பெரிய பெரிய முகங்களை ஒட்டும் ஜேஆர், தன் லித்தோகிராஃப்களைப் பாரிஸின் மோன்பர்னாஸில் உள்ள இதெம் அச்சகத்தில் போடுகிறார். ஃபேரியும் அங்கே போட்டிருக்கிறார். இது தவிர புரூக்ளினில் ஸ்வூன் என்ற பெயரில் இயங்கும் கலைஞர் லினோ பலகையைக் குடைந்து ஆளுயர உருவங்களை அச்செடுத்துத் தெருவில் ஒட்டியவர். அவருடைய பிரிண்டை எடுத்தால் கத்தி போன தடம் தெரியும். எனக்கு இந்த வகைதான் ரொம்பப் பிடிக்கும். விலை என் கைக்கு எட்டுவதில்லை என்பது வேறு விஷயம்.

படி 2: பென்சில் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பிரிண்டின் கீழ் ஓரத்தில் பெரும்பாலும் இடப்பக்கம் ஒரு எண், வலப்பக்கம் கையெழுத்து. இரண்டும் பென்சிலில். 45/150 என்றால் 150 பிரதிகளில் 45-வது. முதலில் அச்சானதுதான் 1 என்று நினைக்கக் கூடாது. ஸ்க்ரீன் பிரிண்டில் நிறம் நிறமாகக் காயப்போட்டு, தாள்களை அடுக்கிக் கலைத்து, கடைசியில்தான் எண் போடுகிறார்கள். அதனால் 3/150-க்கும் 148/150-க்கும் தரத்தில் வித்தியாசம் இல்லை. "லோ நம்பர் சார்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

எண்ணுக்குப் பதில் எழுத்து இருந்தால்: ஏ.பி. என்பது ஓவியர் தனக்கு வைத்துக்கொள்ளும் பிரதி, பி.பி. அச்சடித்தவருக்குப் போகும் பிரதி, ஹெச்.சி. விற்பனைக்கு அல்லாத பிரதி. பி.ஏ.டி. என்பது 'இதே மாதிரி மற்றதையும் அடி' என்று ஓவியர் ஒப்புதல் கொடுத்த ஒற்றைப் பிரதி. இவை எல்லாம் 150 என்ற கணக்குக்கு வெளியே. ஆகவே 150 என்று எழுதியிருந்தாலும் உலகில் உள்ளது 150-ஐ விட அதிகம்.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். செம்புத் தகட்டில் செதுக்கிய காலத்தில், பிரதிகள் முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கீறிவிடுவார்கள். லித்தோ கல்லைத் தேய்த்துவிடுவார்கள். அதற்கு மேல் நல்ல பிரதி எடுக்க முடியாது. இன்றைக்கு ஸ்க்ரீனைக் கழுவிவிட்டாலும் கம்ப்யூட்டரில் ஃபைல் இருக்கிறதே! நாளைக்கே இன்னும் ஆயிரம் அடிக்கலாம். 'இத்தனைதான்' என்பது ஓவியரும் பதிப்பாளரும் நமக்குக் கொடுக்கும் வாக்கு. நாம் காசு கொடுப்பதே அந்த வாக்குக்குத்தான். யார் வாக்கைக் காப்பாற்றியவர், யார் ஆறு மாதத்தில் அதே படத்தை வேறு நிறத்தில் இறக்கியவர் என்று வாங்கும் முன் விசாரியுங்கள்.

வேறு நிறத்தில் இறக்குவது மோசடி ஆகாது, வெளிப்படையாகச் சொல்லித்தான் செய்வார்கள். ஃபேரியின் ஒரே படம் 18க்கு 24 ஸ்க்ரீன் பிரிண்டாகவும், பெரிய அளவிலும், லெட்டர்பிரஸிலும் (மேடான அச்சைத் தாளில் அழுத்தி எடுப்பது), கையால் மேலே பெயிண்ட் அடித்த பிரதிகளாகவும் வரும். அதன் மேல் ஆஃப்செட் போஸ்டரும் வரும், அதிலும் கையெழுத்துப் போட்டே விற்பார்கள், ஆனால் எண் இருக்காது. புதியவர் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்: கையெழுத்து இருக்கிறது, ஆகவே லிமிடெட் என்று நினைத்துவிடுவது.

ஒபாமா அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றபோது அவர் முகத்தை வைத்து ஃபேரி போட்ட 'ஹோப்' (நம்பிக்கை) போஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 தொடக்கத்தில் ஃபேரி 350 பிரதிகள் விற்பனைக்கும் 350 தெருவில் ஒட்டவும் ஸ்க்ரீனில் அடித்தார். விற்றது 45 டாலருக்கு. முதல் அச்சில் 'ஹோப்' என்ற சொல்லே கிடையாது, 'ப்ராக்ரஸ்' (முன்னேற்றம்) என்றுதான் இருந்தது. பிறகு அதே முகம் ஆஃப்செட்டில் லட்சக்கணக்கில் போனது. அந்த லட்சத்தில் ஒன்று பத்திரமாக இருந்தால் நல்ல நினைவுச் சின்னம். அந்த 350-ல் ஒன்று என்றால் கதையே வேறு.

பாங்க்ஸி பக்கம் போனால், பலூனோடு சிறுமி நிற்கும் 2004 பிரிண்டில் கையெழுத்துப் போட்டவை 150, போடாதவை 600. இரண்டும் அசல்தான், இரண்டிலும் எண் உண்டு. கையெழுத்து இல்லை என்பதால் போலி என்று முடிவு கட்டக் கூடாது. கையெழுத்து இருக்கிறது என்பதால் அசல் என்றும் நம்பிவிடக் கூடாது. 600-ல் ஒன்றை வாங்கி, பென்சிலை எடுத்துத் தானே கையெழுத்துப் போட்டு விலையை ஏற்ற நினைப்பவனுக்கு அதில் நல்ல லாபம் இருக்கிறது.

படி 3: ஒரே ஒரு ஓவியரோடு ஆரம்பியுங்கள்

பத்துப் பேரைத் தொட்டால் பத்திலும் அரைகுறையாகத்தான் நிற்போம். ஒருவரை எடுத்துக்கொண்டு அவர் போட்ட பிரிண்டுகளின் பட்டியல், எந்த வருஷம் என்ன தாள், யார் அச்சடித்தது, கையெழுத்து காலப்போக்கில் எப்படி மாறியது என்று ஆறு மாதம் படியுங்கள். வாங்க வேண்டாம், சும்மா பாருங்கள். பழைய ஏலப் பட்டியல்களில் பெரிய படங்கள் இலவசமாகக் கிடைக்கும்.

அச்சடித்தவர் யார் என்பதும் முக்கியம். லண்டனில் பென் ஐன் என்று ஒருவர், கடைகளின் ஷட்டர்களில் பெரிய பெரிய எழுத்துகளாக வரைபவர். அவருடைய கேன்வாஸ் ஒன்றைத்தான் 2010-ல் பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன் ஒபாமாவுக்குப் பரிசாகக் கொடுத்தார். அதற்கெல்லாம் முன்பு அவர் பிக்சர்ஸ் ஆன் வால்ஸ் என்ற பதிப்பகத்தில் பாங்க்ஸியின் பிரிண்டுகளை ஸ்க்ரீனில் இழுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பதிப்பகம் தெரு ஓவியர்களின் பிரிண்டை மலிவாக விற்கத் தொடங்கி, 2018 தொடக்கத்தில் கதவை மூடியது. மூடும்போது சொன்ன காரணம் எனக்கு இன்னும் சிரிப்பு வரவழைக்கும்: எங்கள் ஓவியர்கள் பெயர் வாங்கிவிட்டார்கள், அதுதான் எங்களுக்கு நேர்ந்த பேரிடர் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய பல பிரிண்டுகளின் ஓரத்தில் மையில்லாத மேடாக ஒரு முத்திரை இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் தெரியும். இப்படி ஒவ்வொரு அச்சகத்துக்கும் ஒரு அடையாளம் உண்டு.

நம் நாட்டுத் தெரு ஓவியர்களைத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. டெல்லி லோதி காலனியிலும் சென்னை கண்ணகி நகரிலும் சுவர்களில் வரைந்தவர்களில் பலர் இன்ஸ்டாகிராமில் நேராகவே பேசக் கிடைப்பார்கள். பிரிண்ட் போட்டால் எத்தனை பிரதி என்று கேளுங்கள், எண்ணும் கையெழுத்தும் தேதியும் பென்சிலில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

படி 4: வெளியீட்டு நாள்

புதிதாக வரும் பிரிண்டை ஓவியரிடமிருந்தோ பதிப்பாளரிடமிருந்தோ நேராக வாங்குவதுதான் மலிவு, பத்திரம். விற்பனை மூன்று விதமாக நடக்கும்.

முந்துபவருக்குக் கிடைப்பது ஒன்று. ஃபேரியின் கடை நெடுங்காலமாக இப்படித்தான். கலிஃபோர்னியா நேரம் காலை 10 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 10:30, அங்கே குளிர்காலக் கடிகாரம் மாறியதும் 11:30. இந்த ஒரு மணி நேரக் குழப்பத்தில் நானே ஒன்றைக் கோட்டை விட்டிருக்கிறேன். முகவரி, கார்டு எல்லாம் முதல் நாளே கணக்கில் பதிந்து வையுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்து வையுங்கள், பெரும்பாலான கார்டில் அது மூடியே இருக்கும். ஓடிபி வரும் போனில் சார்ஜ் இருக்கட்டும். நாம் ஓடிபி தட்டி முடிப்பதற்குள் அங்கே 'விற்றுத் தீர்ந்தது' என்று வந்துவிடும். அது நடக்கும், மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு வீட்டுக்கு ஒன்று என்று விதி இருந்தால் அக்கா பேரில், மாமா பேரில் என்று போடாதீர்கள். இரண்டையும் ரத்து செய்துவிடுவார்கள்.

இரண்டாவது குலுக்கல். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நமக்கு இதுதான் வசதி, தூக்கம் கெடாது. பாங்க்ஸி 2019-ல் தெற்கு லண்டனின் கிராய்டனில் ஒரு கடை மாதிரி வைத்து இணையத்தில் பொருள் விற்றபோது, கலை எதற்கு முக்கியம் என்று ஒரு கேள்வியும் கேட்டு விண்ணப்பம் வாங்கினார். 2022 டிசம்பரில் உக்ரைனுக்கு உதவ 50 பிரிண்டுகளை ஆளுக்கு 5,000 பவுண்டுக்குக் கொடுத்தார். கேட்டவர்கள் எக்கச்சக்கம்.

மூன்றாவது, நேரம் வைத்து விற்பது. 24 மணி நேரம் திறந்திருக்கும், எத்தனை ஆர்டர் வந்ததோ அத்தனை பிரதி. கண்டிப்பாகக் கிடைக்கும். ஆனால் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகலாம். பிடித்திருந்தால் வாங்கலாம், விலை ஏறும் என்ற கணக்கில் வாங்காதீர்கள்.

படி 5: கை மாறியதை வாங்கும்போது

வெளியீட்டில் தவறவிட்டால் ஏல நிறுவனம், கேலரி, அல்லது தனி ஆள். கிறிஸ்டிஸ், சோதபிஸ், ஃபிலிப்ஸ், பான்ஹாம்ஸ் எல்லோரும் பிரிண்ட் விற்கிறார்கள். ஏலத்தில் சுத்தியல் விழும் விலை கடைசி விலை ஆகாது. வாங்குபவர் கமிஷன் கால் பங்கு வரை, சில இடங்களில் அதற்கு மேலும் சேரும். அப்புறம் வரி, பேக்கிங், கூரியர். ஆயிரம் பவுண்டுக்கு எடுத்தால் வீட்டுக்கு வரும்போது ஆயிரத்து ஐநூறை நெருங்கும். மேல் வரம்பைக் கமிஷனோடு சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

நிலை அறிக்கை கேட்டு வாங்காமல் கை தூக்கக் கூடாது. மடிப்பு, முனை நசுங்கல், வெயிலில் வெளுத்தது, பழுப்புப் புள்ளி, பின்பக்கம் டேப் ஒட்டியது, ஓரம் வெட்டியது எல்லாவற்றையும் கேளுங்கள். அசல் அளவு எவ்வளவு என்று தெரிந்திருந்தால், பட்டியலில் உள்ள அளவோடு ஒப்பிட்டாலே வெட்டு தெரிந்துவிடும். பிரேமுக்குள் இருந்தபடி எடுத்த படம் போதாது. வெளியே எடுத்து, முன்னும் பின்னும், பகல் வெளிச்சத்தில் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது அசலா என்ற கேள்வி. பாங்க்ஸிக்கு 2008 முதல் பெஸ்ட் கன்ட்ரோல் என்ற அலுவலகம் இருக்கிறது. பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி மாதிரிப் பெயர். சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு மட்டும்தான், தெருச் சுவரில் இருப்பதற்குக் கொடுக்க மாட்டார்கள். அவர்கள் சான்றிதழ் வேடிக்கையானது. 2004-ல் பாங்க்ஸி, ராணி இருக்கும் இடத்தில் டயானா முகத்தைப் போட்டுப் பத்துப் பவுண்டு நோட்டுகளை அச்சடித்தார். அதில் ஒன்றைக் குறுக்காகக் கிழித்து, பாதியைச் சான்றிதழோடு பின் அடித்துத் தருவார்கள். மறுபாதி அவர்களிடம். கிழிசலும், குறுக்கே கையால் எழுதிய எண்ணும் பொருந்த வேண்டும். பழைய தமிழ்ப் படத்தில் கடத்தல்காரர்கள் பாதி நோட்டைக் காட்டி ஆளை அடையாளம் கண்டுகொள்வார்களே, அதேதான். பாங்க்ஸி பிரிண்டைச் சான்றிதழ் இல்லாமல், 'பிறகு வாங்கிக்கலாம்' என்ற வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். அவ்வளவு சுலபம் என்றால் விற்பவரே வாங்கி வைத்திருப்பார்.

எல்லா ஓவியருக்கும் இப்படி அலுவலகம் கிடையாது. நியூயார்க்கின் மறைந்த ஓவியர் கீத் ஹேரிங்கின் அறக்கட்டளை, அசலா என்று பார்த்துச் சொல்லும் வேலையை 2012-ல் நிறுத்திவிட்டது. அதே ஊரின் இன்னொரு மறைந்த ஓவியர் பாஸ்கியா விஷயத்திலும் அதே ஆண்டு அப்படித்தான். வழக்குத் தொல்லை ஒரு முக்கியக் காரணம். அப்படிப்பட்ட இடத்தில் நமக்கு இருப்பது வந்த வழி மட்டும்தான்: முதல் ரசீது, பதிப்பாளரின் மின்னஞ்சல், கேலரி லேபிள், இடையில் வாங்கியவர்களின் பில். யாரோ ஒரு கேலரி தானே அடித்துக் கொடுத்த 'அசல் சான்றிதழ்' என்ற தங்க முத்திரைத் தாளுக்கு அந்த முத்திரை ஒட்டிய பசை அளவுக்குத்தான் மதிப்பு.

சந்தேகம் வர வேண்டிய இடங்கள் சில. ஒரே ஆளிடம் ஒரே பிரிண்ட் நாலைந்து பிரதி. எண் தெரியும் மூலை மட்டும் படத்தில் மங்கல். சந்தை விலையில் பாதிக்குக் கொடுத்துவிட்டு 'ஊருக்குப் போகிறேன், அவசரம்' என்ற கதை. திருப்பி எடுக்க வழியில்லாத பணமாற்றம். நான் ஒருமுறை ஒருவரிடம், இன்றைய தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பிரிண்ட் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அத்தோடு பேச்சு நின்றது. அந்த ஒரு கேள்வி எனக்கு மிச்சப்படுத்தியது ஒரு மாதச் சம்பளம்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2018 அக்டோபரில் சோதபிஸ் ஏலத்தில் பாங்க்ஸியின் பலூன் சிறுமி ஓவியம் பிரேமுக்குள்ளேயே துண்டுகளாகக் கிழிந்து தொங்கியதை எல்லோரும் பார்த்தோம். சுமார் பத்து லட்சம் பவுண்டுக்குப் போன அது, 2021-ல் ஒரு கோடியே 85 லட்சம் பவுண்டைத் தாண்டியது. அந்தக் காய்ச்சலில் அதே படத்தின் பிரிண்ட் ஒன்று, தங்க நிறப் பலூன் உள்ள ஏ.பி. பிரதி, பத்து லட்சம் பவுண்டைத் தாண்டி விற்றது. அந்த உச்சத்தில் கடன் வாங்கிப் பிரிண்ட் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். பிறகு விலை இறங்கியபோது அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு காலையும் காபி குடிக்கும்போது பார்க்கப் பிடிக்கும் படமா என்பதுதான் நான் எனக்குப் போட்டுக்கொண்ட பரிசோதனை.

படி 6: ஊருக்குக் கொண்டுவருவது

குழாயா, தட்டையா? மெல்லிய தாள் என்றால் அகலமான, தடித்த குழாய் போதும். கனமான பருத்தித் தாள், கையால் பெயிண்ட் அடித்தது, உலோக மை போட்டது எல்லாம் தட்டையாகத்தான் வர வேண்டும். சுருட்டினால் மை வெடிக்கும்.

சுங்கத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. சுங்க வரிப் பட்டியலில் அசல் அச்சு ஓவியங்களுக்கு 9702 என்ற தனித் தலைப்பு எண் இருக்கிறது. ஆனால் ஓவியர் முழுக்கக் கையால் செய்த தகட்டிலிருந்து எடுத்ததுதான் அதில் வரும், இயந்திர முறையிலோ புகைப்பட முறையிலோ எடுத்தது வராது என்று விளக்கக் குறிப்பே சொல்கிறது. ஸ்வூனின் லினோ அச்சுக்கு அது பொருந்தும். கம்ப்யூட்டர் ஃபைலிலிருந்து ஸ்க்ரீன் செய்த பிரிண்டை வெறும் அச்சடித்த படம் என்று 4911-ல் போடலாம், வரி விகிதம் மாறும். அனுப்புபவரிடம் பில்லில் ஓவியர் பெயர், அச்சு முறை, பிரதி எண், விலை நான்கையும் எழுதச் சொல்லுங்கள். 'பரிசு என்று எழுதி அனுப்புங்கள், வரி வராது' என்பது பழைய கதை. 2019 டிசம்பரில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள், ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விட்டுவைத்தார்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்வதும் வேண்டாம். வழியில் தொலைந்தால் இன்சூரன்ஸ் அந்தக் குறைத்த விலையைத்தான் கொடுக்கும்.

படி 7: பிரித்து, பிரேம் போட்டு, காப்பாற்றுவது

பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். கை கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். சுருண்டு வந்ததை எதிர்ப்பக்கம் சுருட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். சுத்தமான இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து, மேலே தட்டையான பலகை வைத்து நாலு நாள் விட்டுவிடுங்கள்.

பிரேம் கடைக்குப் போகும்போது நான் இப்போது ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான். வெட்டக் கூடாது, கிழிந்த மாதிரி இருக்கும் ஓரத்தையும் சேர்த்து. லேமினேஷன் கூடாது. பசை தடவி அட்டையில் ஒட்டக் கூடாது. செல்லோடேப் கூடாது. அமிலமில்லாத மவுண்ட் போர்டு. மேல் ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் ஜப்பானியத் தாள் கீலும் கோதுமை மாவுப் பசையும். கண்ணாடி பிரிண்டைத் தொடக் கூடாது, நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி. பின்னால் ஹார்டுபோர்டு நேராகப் படக் கூடாது, நடுவே அமிலமில்லாத அட்டை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் கிடைத்தால் இன்னும் நல்லது. எல்லாக் கடையும் ஒத்துக்கொள்ளாது. "இதெல்லாம் எதுக்கு சார், லேமினேட் பண்ணா லைஃப்" என்பார்கள். கல்யாண போட்டோவுக்கு அது சரி.

நம் ஊரில் வெயிலை விட ஈரம்தான் பெரிய எதிரி. அருங்காட்சியகங்கள் ஐம்பது சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்தில் காகிதத்தை வைக்கும். சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் எண்பதைச் சாதாரணமாகத் தாண்டும். அடைமழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், குளியலறைக்குப் பின்சுவரும் வேண்டாம். பிரேமின் பின்பக்கக் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் பட்டன் ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று போகும். மாட்டாமல் வைத்திருப்பதை அமிலமில்லாத ஃபோல்டரில் தட்டையாக, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையைத் தாளோடு போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. புடவைப் பெட்டியோடு அதை நிறுத்திக்கொள்ளுங்கள். பூசணம் தெரிந்தால் துடைக்கக் கூடாது, தனியே எடுத்து வைத்துக் பழைய காகிதத்தைச் சரிசெய்து காக்கத் தெரிந்த கன்சர்வேட்டரைக் கேளுங்கள்.

படி 8: ஒரு நோட்டுப் போடுங்கள்

எக்ஸலில் போட்டாலும் சரி, நான் பழைய ஆள், நீளமான ரிஜிஸ்டர் நோட்டில் எழுதுகிறேன். ஓவியர், ஆண்டு, அச்சு முறை, தாள், அளவு, பிரதி எண், எங்கே எந்தத் தேதியில் என்ன விலைக்கு வாங்கியது, கூரியர், சுங்க வரி, இப்போது எந்த அறையில் இருக்கிறது. ரசீதையும் ஆர்டர் மின்னஞ்சலையும் அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு நோட்டோடு வைக்கிறேன். பென்சில் எண்ணும் கையெழுத்தும் தெரியும்படி மூலைகளைக் கிட்டத்தில் படமெடுத்து வைப்பதும் உண்டு. பிரேமுக்குப் போகும் முன்பு, கட்டாயம். வீட்டில் இன்னொருவருக்கும் இந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். இல்லாவிட்டால் நமக்குப் பிறகு எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போகும்.

என் நோட்டின் முதல் வரி அந்த ஒபே பிரிண்ட்தான். தாள், அளவு, விலை எல்லாம் நிரப்பியிருக்கிறேன். அளவு என்ற கட்டத்தில் 24 என்று எழுதி, அடித்து, 22 என்று திருத்தியிருக்கிறது. கடை அனுப்பிய ரசீதில் பிரதி எண் இல்லை. அதனால் அந்தக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி, ஒரு சாய்கோடு, 450.